அத்தையோடு ஒரு ஹேப்பி ஹவர்

என் ஈஸ்வரி மதினிக்கு,

கூடலூரில் உன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது; நேற்று உனக்கு வருஷம் கும்பிட்டோம். வாசல் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. அத்தை உள்ளே அசந்து தூங்குகிறார். முறைப்படி நமக்குள் எந்த உறவும் இல்லை. ஆறாம் வகுப்பில் விளையாட்டாகக் கூப்பிட்ட 'மதினி' அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்கில் உன் அம்மா எனக்கு அத்தையானார்.

எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது, மதினி. பெங்களூரில் வெள்ளிக்கிழமைகள் இன்னும் அதே மாதிரிதான். சாயங்காலமானால் டீமே கிளம்பிவிடும். ஹோட்டல் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். உள்ளே போனால் காது கிழியும் பாட்டு. பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதால் வேண்டாததெல்லாம் மேசைக்கு வரும். போகாமலும் இருக்க முடியாது. போகாதவர்களுக்குத் திங்கட்கிழமை ஆபீஸில் பாதிப் பேச்சு புரியாது, நல்ல வேலையும் வேறு யார் கைக்காவது போயிருக்கும்.

உனக்கு அந்த இடம் உண்மையாகவே பிடித்திருந்தது, இல்லையா? எனக்கு எப்போது எழுந்து போகலாம் என்றுதான் இருக்கும். நீ பக்கத்தில் இருந்ததால் அத்தனை வருஷம் ஓட்டினேன். நீ போன பிறகு அந்தக் கடைக்குப் போக யாருக்கும் மனசு வரவில்லை. டீம் வேறு கடைக்கு மாறிவிட்டது.

நீ டெங்குக் காய்ச்சலில் போனாய். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள் நான். ஆனால் அன்று ஆபீஸ்காரர்கள் ஸ்டேட்டஸில் வைத்த படத்தில் உன் கையில் பீர் கிளாஸ் இருந்தது. அது எப்படியோ கூடலூர் வரைக்கும் வந்துவிட்டது. அதன் பிறகு காய்ச்சலைப் பற்றி யார் பேசினார்கள்? "குடிச்சே போயிருச்சாம்" என்பதுதான் ஊர்ப் பேச்சு. "அவளுக்கு வருசம் கும்பிட்டு, ஊரைக் கூட்டி வச்சு என்னால அசிங்கப்பட முடியாது" என்று உன் அண்ணன் செல்வம் கையை விரித்துவிட்டார்.

அத்தை யாரிடமும் வாதாடவில்லை. எப்போதும்போலக் காலையில் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் மலையாளக்காரர் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போன மாதம் எனக்குப் போன் வந்தது.

"ஏத்தா மாரி, என்னைய ஒரு தடவ அங்கன கூட்டிட்டுப் போ. அவ உக்காந்து சாப்ட்ட கடைய நான் பாக்கணும்."

"அங்கன என்னா அத்தை இருக்கு? ஒரே சத்தம்."

"அந்தச் சத்தத்தையும் கேட்டுட்டு வாரேன்."

கூட்டிப்போனேன். நல்ல சேலை கட்டி, தோட்டத்துக்குப் போடும் ரப்பர் செருப்போடு வந்தார். வாசலில் நின்றவன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். எனக்குத்தான் கூசியது. அத்தை வாசலில் வைத்திருந்த பலகையைக் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"ஹேப்பி ஹவர்னு போட்ருக்கு அத்தை. சந்தோசமான நேரம்னு அர்த்தம். ஏழு மணி வரைக்கும் பாதி வெல."

"ஏழு மணிக்கு மேல வாரவுக?"

"முழு வெல குடுக்கணும்."

"பாவம்" என்றார்.

தண்ணீர் கொண்டுவந்தது, எப்போதும் நம் மேசைக்குப் பரிமாறும் ஜோமோன்தான். அவர் வாய் திறந்ததுமே அத்தை கண்டுபிடித்துவிட்டார். "மோனே, நாடு எவிடெயா?" என்று மலையாளத்தில் ஊரைக் கேட்க, அவர் கட்டப்பனை என்றார். அத்தை வேலைக்குப் போகும் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் அவர் வீடாம். இருவரும் மழையையும் ஏலக்காய் விலையையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நான் அங்கே அத்தனை இயல்பாக உட்கார்ந்திருக்கிறேனா?

பேச்சோடு பேச்சாக ஜோமோன் என்னிடம் திரும்பி உன்னைக் கேட்டார். "கூட வருமே ஈஷ் மேடம், அவங்க வேற கம்பெனி போயாச்சா?"

அத்தை முந்திக்கொண்டார். "அவள் நாட்டில் போயி, மோனே. ஞான் அவளுட அம்மயா."

ஊருக்குப் போயிருக்கிறாயாம். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மேசைக்குக் கீழே என் மணிக்கட்டை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஜோமோனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேடத்துக்குப் பிடித்ததையே அம்மாவுக்கும் கொண்டுவருகிறேன் என்று போய், முழு மீனாக வறுத்து எடுத்து வந்தார்.

"மீனா? வீட்ல மீனு சட்டியக்கூடக் கழுவ மாட்டாளே!" நீ போன பிறகு அத்தை சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். முள் மட்டும் மிஞ்சும்படி சாப்பிட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்ததும் கேட்டார்.

"அவ குடிப்பாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை.

"எப்பவாச்சும் ஒரு பீரு, அத்தை. ஆனா அதுனால அவ சாகல. கொசுக் காய்ச்சல்லதான் போனா. நான் கூட இருந்தேன்."

அத்தை பக்கத்து மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நாலைந்து பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பிடித்தேன் சிரிப்பாளா?"

"இதவிடச் சத்தமா."

"சரி. போவமா?"

ஊருக்கு நானும் கூட வந்தேன். அத்தை வீட்டுக்குள் நுழைந்து பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டார்.

"ஏலே செல்வம், இங்கன வா. உந்தங்கச்சி பீரு குடிச்சிருக்கா. நான் விசாரிச்சிட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க அப்பா காலம்பூரா குடிச்சாக. விழுந்து கெடந்த எடத்துல இருந்து நீயும் நானும்தேன் தூக்கியாந்தோம். அவுகளுக்கு வருசம் கும்பிடயில ஊரக் கூட்டிக் கறிச்சோறு போட்டியே, அப்ப ஒருத்தராச்சும் வாயத் தொறந்தாகளா? எம்பிள்ள வேல பாத்தா, சாப்ட்டா, சிரிச்சா, காச்ச வந்து போயிட்டா. ஒன்னால முடியாதுன்னா சொல்லு. நானும் மாரியும் கும்பிட்டுக்கிர்றோம்."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் பெங்களூர் திரும்பிய பிறகும் அம்மாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லையாம். அப்புறம் ஒரு நாள் பந்தல்காரருக்கு அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நேற்று பாதித் தெருதான் வந்தது. வந்தவர்களிலும் சிலர் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டே அதே பேச்சைத்தான் பேசினார்கள். ஊர் என்ன ஒரு நாளில் மாறிவிடுமா? சாம்பார் வாளியோடு வந்த அண்ணன் காதில் அது விழுந்தது. நின்றார்.

"என் தங்கச்சி டெங்குல போச்சு" என்றார். "சாப்பிடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த இலைக்குப் போய்விட்டார். அத்தை அடுப்படியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். இந்த ஒரு வருஷத்தில் சத்தம் வர அழுதது நேற்றுத்தான்.

நாளைக்கு நான் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை வரும், டீம் கிளம்பும், நானும் போவேன். வேலை இருக்கிறதே. ஆனால் எல்லா வெள்ளிக்கிழமையும் அந்த மேசையில் இருக்க மாட்டேன். மாதத்தில் ஒரு வெள்ளி கூடலூர் பஸ்ஸில் இருப்பேன். ஏன் வரவில்லை என்று கேட்டால், அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மதினி,
மாரி