கழுவாமல் தின்னும் பழம்

சோஹார்,
மார்ச் 8, ஞாயிறு இரவு.

அன்புள்ள உங்களுக்கு,

வாயால் கூப்பிடும் 'என்னங்க'வைக் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெயரைப் போட்டு எழுதவும் கை வரவில்லை. நானும் ஸ்வாதியும் நலம். அங்கே நீங்களும் உங்கள் அண்ணனும் அண்ணி ஜெயமணி அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. உங்கள் அண்ணனின் மூச்சு எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய கவலை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் ஆரம்பித்தால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது. வாய்ஸ் மெசேஜ் போட்டால் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றுகொண்டு பாதியைக் கேட்டுவிட்டு 'ம்' என்று அனுப்புகிறீர்கள். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

ஸ்வாதிக்குப் பத்தொன்பதாம் தேதியோடு கே.ஜி. முடிகிறது. ஜனவரிக்குப் பிறகு இழுப்பு வரவில்லை. போன வாரம் புழுதிக் காற்று அடித்தபோது மூன்று நாள் ஜன்னலைத் திறக்கவே இல்லை. இப்போதும் தூங்குகிறவளின் நெஞ்சில் காது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். நீங்கள் பயந்தாங்கொள்ளி என்பீர்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

கம்பெனி பி.ஆர்.ஓ. விமலைப் பார்த்தேன். "சிஸ்டர், சார் ஊருக்குப் போய் இந்த இருபத்தி நாலோட ஆறு மாசம். அதுக்குள்ள ஓமான்ல கால் வைக்கணும். இல்லேன்னா அவர் விசா கலாஸ், முடிஞ்சுது; அதோட உங்க ரெண்டு பேர் விசாவும் கலாஸ்" என்றார். இதைத்தான் போனில் உங்களிடம் கத்தினேன். நீங்களும் கடைசியில், "சரி, டிக்கெட் போடு, வர்றேன்" என்றீர்கள். விருப்பமே இல்லாத அந்தக் குரலைப் பற்றி இப்போது பேசவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை உங்களிடம் இன்னும் சொல்லவில்லை. உத்தமபாளையத்திலிருந்து திரும்பிய மீராசா அண்ணன் கையில் ஸ்வாதிக்கென்று இரண்டு பாட்டில் திராட்சைச் சாறு கொடுத்து அனுப்பினீர்களே, அதில் ஒன்று அவர் வீட்டில் பெட்டியைத் திறக்கும்போதே வெடித்துவிட்டது. இன்னொன்று பந்து மாதிரி உப்பி இருந்தது. அவர் மனைவி ஷம்சியா அக்கா மாடியிலிருந்து போன் பண்ணி, "தாமரை, உங்க ஊட்டுச் சாமான் எங்க ஊட்டுல தீபாவளி கொண்டாடுது, வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தால் பெட்டி முழுக்க ஊதா. அவருடைய மாமியார் கொடுத்தனுப்பிய வெள்ளைத் தொழுகைத் துணி வரைக்கும் நனைந்து கிடக்கிறது. வாசனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அது சாறாக இல்லை. பாதி ஒயினாகிவிட்டது.

மீராசா அண்ணன் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, கஸ்டம்ஸ்ல பெட்டியத் திறக்கச் சொல்லியிருந்தா? அஞ்சு வேளை தொழுகிறவன் பெட்டியில சரக்கு! நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு என்னன்னு சொல்றது? எம் பிள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் காலில் விழாத குறைதான். ஊரிலிருந்து வருகிறவர் கையில் என்ன கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காமல் தூக்கி வருவார் என்ற நம்பிக்கையில்தானே இங்கே எல்லோரும் வாழ்கிறோம்? துணியை நான் வாங்கி வந்து உப்பும் எலுமிச்சையும் போட்டு மூன்று முறை அலசினேன். சாயம் முழுதாகப் போகவில்லை. புதுத்துணி வாங்கிக்கொண்டு போனேன். ஷம்சியா அக்கா, "துணி கெடக்கு போ. மனுசன் வீட்டுல உக்காந்து பிரியாணி திங்கிறாருல்ல, அது போதும்" என்று என்னையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். அடுத்து எங்கே பார்த்தாலும் நீங்கள் மீராசா அண்ணனிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் வேண்டாம்.

கோபத்தோடு ஜெயமணி அக்காவுக்குப் போன் போட்டேன். மூன்று வருஷம் நுண்ணுயிரியல் படித்தவளின் புருஷனுக்குச் சாற்றைக் கொதிக்க வைத்து அனுப்பத் தெரியாதா என்று கேட்டேன். அக்கா சொன்னார்: "உம் புருசனுக்கு அது தெரியவே தெரியாது தாமரை. அவுக வாங்கிட்டுப் போயி மீராசாகிட்டக் குடுத்ததோட சரி. பாட்டில்ல ஊத்துனது எங்க வீட்டு மனுசன். விடியக்காலம் எந்திரிச்சு, நாலு எட்டு வைக்கிறதும் நின்னு மூச்சு வாங்குறதுமா பந்தலுக்குப் போயி, தானே பறிச்சு, கையாலேயே பிழிஞ்சாரு. காய்ச்சி ஊத்துங்கன்னேன். 'மருந்து படாத பழம்டி, கழுவாம திங்கலாம், இதைப் போயி காய்ச்சுவாகளா, அந்தப் பிள்ளைக்குப் பச்சையாவே போகட்டும்'னு கேக்கவே இல்ல."



இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாம் லீவில் வந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை. பன்னீர் திராட்சையில் அடிச்சாம்பல் நோய் விழுந்து, வாரத்துக்கு இரண்டு தடவை மருந்து அடித்துக்கொண்டிருந்த நேரம். ஸ்வாதி பந்தலுக்குள் ஓடியது யாருக்கும் தெரியாது. மூக்குக் கண்ணாடி வரை துண்டைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் உங்கள் அண்ணன். அந்த நெடியில் அவளுக்கு இழுப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினோமே, அன்று தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகு அவரோடு நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவர் நெஞ்சு கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து, நீங்கள் தோட்டத்தைப் பார்க்க ஊருக்கு ஓடியபோதுகூட அக்காவிடம்தான் விசாரித்தேன்.

அடுத்த மாதமே அவர் அரை ஏக்கர் பன்னீரைப் பிடுங்கிவிட்டு மருந்தில்லாமலே நோய் தாங்கும், ஒயினுக்கு ஆகும் அந்தப் புது ரகத்தை நட்டார். நீங்கள் சொல்லி நட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். 'நான் சொல்லவே இல்லை, அவராகத்தான் நட்டார்' என்று நீங்கள் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லையே. அக்கா சொல்லித்தான் தெரிகிறது. இன்னொன்றும் சொன்னார்: இருபது வருஷமாகத் தன் தோட்டத்துப் பழத்தை வாயில் வைக்காத மனுஷன், இந்தப் பழத்தைப் பறித்து வேட்டியில்கூடத் துடைக்காமல் தின்கிறாராம்.

தோலில் உள்ள ஈஸ்ட் சாகாமல் சாறு சீக்கிரம் நுரைத்ததால் மட்டும் பழத்தில் மருந்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. படித்த எனக்கு அது தெரியும். ஆனால் அந்த ஊதாத் துணியை அலசும்போது மருந்து நெடி துளிகூட வரவில்லை. லீவில் பந்தலுக்குள் போட்டுத் திரிந்த உங்கள் சட்டைகளை அலசும்போது அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

இனி முக்கியமான விஷயம். பதினேழாம் தேதி அறுவடை என்றீர்கள். உரிமம் உள்ள அந்தச் சின்ன ஒயின் ஆலையில் நமக்கென்று ஒரு தொட்டி கொடுத்திருக்கிறார்கள், வேலையாள் கிடையாது, குடும்பமே நின்று செய்ய வேண்டும் என்றும் சொன்னீர்கள். மேலே மிதந்து வரும் தோலை நாளுக்கு மூன்று தடவை அமுக்கிக் கிளற வேண்டும். எட்டுப் பத்து நாளாவது ஆகும். நீங்கள் இருபத்தி மூன்றில் விமானம் ஏறினால் மீதி நாள் யார் கிளறுவார்கள்? உங்கள் அண்ணன்தான் ஏணியில் ஏறுவார். வேண்டாம் என்றாலும் ஏறுவார். நுரைக்கும் தொட்டியிலிருந்து வரும் காற்று நல்ல நெஞ்சுக்காரர்களுக்கே ஆகாது. மூடிய அறையில் குனிந்து நின்றால் ஆளையே சாய்த்துவிடும். தயவுசெய்து அவரை அந்த அறைப்பக்கம் விடாதீர்கள். நீங்களும் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போங்கள். தனியாகப் போகாதீர்கள்.

அதனால் நீங்கள் வர வேண்டாம். உங்களுக்கு நான் டிக்கெட் போடவில்லை; நானும் ஸ்வாதியும் அங்கே வந்துவிடுகிறோம். விமலிடம் நாளைக்குப் போய், எங்கள் விசாவை ரத்துச் செய்ய என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.

என் அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. "மாப்பிள்ளை ஒயின்ஷாப் தெறக்கப் போறாராமே, ஊரே பேசுது" என்று ஏற்கெனவே புலம்புகிறார். ஒயின்ஷாப் வேறு, ஒயின் செய்வது வேறு என்று நீங்களே அவருக்குப் புரிய வையுங்கள். என்னால் ஆகாது.

எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நாம் தங்கப்போவது தோட்டத்து வீடாக இருக்கக் கூடாது. கம்பம் டவுனுக்குள்ளேயே, குழந்தை டாக்டருக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். அடிக்கடி கரண்ட் போகும் தெரு வேண்டாம், நெபுலைசர் ஓட வேண்டும். ஒரு வருஷத்தில் அவளுக்கு மறுபடி இழுப்பு வந்தால் அப்புறம் நான் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும். இதற்கு 'ம்' போதாது, வாயைத் திறந்து சரி என்று சொல்ல வேண்டும்.

உங்கள் அண்ணனிடம் பாட்டில் வெடித்த கதையைச் சொல்லாதீர்கள். பிள்ளை குடித்தாளா என்று கேட்டால், தாமரையே வந்து சொல்வாளாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

நம் பந்தலில் மருந்து இல்லை, சரி. கிழக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் பன்னீர்தானே வைத்திருக்கிறார்? அவர் எந்தெந்தக் கிழமை மருந்து அடிக்கிறார், காலையிலா மாலையிலா, காற்று எந்தப் பக்கம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். மற்ற நாட்களில் அவளை நானே பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தாமரை