கண்ணாடிக்கெல்லாம் விபூதி

திருச்செங்கோடு,
ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அன்புள்ள மாமா,

நானும் உங்கள் அப்பாவும் சௌக்கியம். சத்தீஸ்கர் காட்டில் நீங்களும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே சிக்னல் இல்லாததால், ஸ்பேர் பார்ட்ஸ் ஏற்றிவரும் ஆனந்தகுமார் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஹைட்ரஜன் வந்துவிட்டது! நம் மேட்டுக்காட்டில், வெறும் வெயில் சூட்டில், தண்ணீரிலிருந்து! ஆனால் அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

என் ஆராய்ச்சிக்குக் கொடுத்த காட்டில், ஐப்பசிக்குள் ஒன்றும் வராவிட்டால் கோழிப்பண்ணை கட்டிவிடுவேன் என்றார் உங்கள் அப்பா. அதற்குத்தானே அவரோடு சண்டை போட்டு, பேச்சை நிறுத்தி, வண்டி ஏறினீர்கள்!

இன்றைக்குச் சோதனையைப் பார்க்கச் சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். கண்ணாடிகள் எல்லாம் வெயிலைக் கோபுரத்து உச்சியிலுள்ள உலையில் குவிக்க வேண்டும். உலை பழுக்கக் காய்ந்தபின் நீராவி விட்டால்தான் ஹைட்ரஜன் பிரியும். நான் அறைக்குள் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், சூடு ஏறவே மாட்டேன் என்கிறது. வானத்தில் மேகமும் இல்லை. போச்சுடா சாமி, கோழிப்பண்ணைதான் என்று வெளியே ஓடினேன்.

பார்த்தால், எல்லாக் கண்ணாடியிலும் அகல அகலமாய் விபூதிப் பட்டை, நடுவில் உள்ளங்கை அகலம் சந்தனம், குங்குமம்! "நேத்து நீ கோபுரத்துக்கு மட்டும் பொட்டு வெச்ச. கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு சாமி? பெரிய மனுசங்க வாராங்கன்னு விடியக்காலையில நானே வெச்சுட்டேன்" என்றார் உங்கள் அப்பா, பெருமையாக. அழுவதா சிரிப்பதா? வருசா வருசம் லாரிக்குப் பூசிய கை, கொஞ்சமாகவா பூசும்! கோழிப்பண்ணை கட்டப் போகிறவர் எதற்கு விபூதி வைத்தார் என்று நீங்களே யோசியுங்கள்.

பட்டை மறைத்தால் கண்ணாடி வெயிலைத் திருப்பாது என்று சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. துண்டை நனைத்து அவரே ஒவ்வொன்றாய்த் துடைத்தார். ஒரு அதிகாரியையும் பிடித்து வாளி தூக்க வைத்துவிட்டார். மத்தியானம் ஹைட்ரஜன் மீட்டர் ஏற ஆரம்பித்ததும் கத்தினேன். அவர் சத்தம் என்னைவிடப் பெரிது. இப்போது பக்கத்துக் காட்டையும் எடுத்துக்கொள் என்கிறார்.

இதை எழுதும்போது என் பக்கத்திலேயே நிற்கிறார். "சோத்துக்கு என்ன பண்றானாம்? நான் கேட்டேன்னு எழுதாத, நீ கேக்கற மாதிரி எழுது" என்கிறார்.

டீசல் பிடிக்க டவுனுக்கு வரும்போது எனக்குப் போன் போட வேண்டாம் மாமா. அவருக்குப் போடுங்கள்.

உங்கள் பெண்டாட்டி,
கிருத்திகா