குட்டி முரடனும் ஒரு வாளி வெள்ளமும்

3.6.1982, வியாழன்

மழையில் பஸ் சுள்ளிக்கல் ஸ்டாப்போடு நின்றுவிட்டது. மீதியை நடந்தேன். குடையில் ஒரு கம்பி போயிற்று.

ஆபீஸில் மதராஸிலிருந்து பார்சல். பன்னிரண்டு டார்ச் லைட். பெயர் 'குட்டி முரடன்'. பெயர் வைத்தவனை நேரில் பார்க்க வேண்டும். 'உள்ளங்கையில் அடங்கும், உடைக்க முடியாது' என்று கடிதம். உடைக்க முடியாது என்பதை நான் உடைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். ரிப்போர்ட் தமிழில், எளிய நடையில். விளம்பரக்காரர்கள் அதிலிருந்துதான் வாசகம் எடுப்பார்களாம்.

எனக்கு டெக்னிகல் அசிஸ்டெண்ட் என்று பெயர். தற்காலிகம். கொச்சிக் கிளை என்பது மட்டாஞ்சேரியில் ஒரு இஞ்சி குடவுனுக்கு மேலே ஒரே அறை. அதில் மேனேஜர் முத்துராமலிங்கம் அண்ணாச்சியும் நானும். ஆகஸ்ட் 31க்குள் நிரந்தரம் ஆகவில்லை என்றால் ராமபத்ரன் மாமாவின் அப்பளக் கம்பெனி. எலக்ட்ரிகல் டிப்ளமோ, முதல் வகுப்பு. அப்பளம்!

4.6.1982

ஒன்றைப் பிரித்துப் போட்டேன். அலுமினிய உடம்பு, கனம் போதும். பிடியில் சொரசொரப்பு நன்றாக வெட்டியிருக்கிறார்கள், ஈரக்கையிலும் வழுக்காது. மரை சுத்தம். இரண்டு பென்சில் பேட்டரி கட்டை. அடியில் ஸ்பிரிங் கொஞ்சம் தொளதொளப்பு. மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறது, சுவிட்சுக்கு ஒரு ரப்பர் தொப்பி. தொப்பியைச் சும்மா ஒட்டியிருக்கிறார்கள். இங்கேதான் பிரச்சினை வரும். இதைக் கண்டுபிடிக்க முதல் வகுப்பு வேண்டாம்.

குடவுன் உள்ளே பட்டப்பகலிலும் இருட்டு. வெளிச்சம் கடைசிச் சாக்கு வரை போயிற்று. நாற்பது அடி. நல்லது.

7.6.1982, திங்கள்

இன்று நடந்ததை ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

மாடி ஜன்னலிலிருந்து டார்ச்சைக் கீழே போட வேண்டும், பதினான்கு அடி. கையை நீட்டினேன். கீழேயிருந்து முகமது இஸ்மாயில் இக்கா கை காட்டி நிறுத்தினார். சாக்கு தூக்கும் சுமட்டுக்காரர் யூனியனின் தலைவர், பள்ளுருத்திக்காரர்.

"சாரே, அது எந்தா?"

"டார்ச். கீழ போடப் போறேன்."

"மேலேர்ந்து சாதனம் கீழ வந்தா அது எறக்கு. எறக்கு யூனியன் பணி."

"இக்கா, இது எறக்கு இல்லை. டெஸ்ட்!"

"பேரு எந்தானாலும் சாதனம் எறங்குதில்லே?"

அண்ணாச்சி என் சட்டையை இழுத்தார். "தம்பி, விட்ரு. நாளைக்கு ஒரு லாரியும் எறங்காது."

இஸ்மாயில் இக்கா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மாடி ஏறி வந்தார். டார்ச்சை வாங்கினார். படி இறங்கினார். முற்றத்தில் குனிந்து, குழந்தையைக் கிடத்துவது போல வைத்தார்.

"போடணும் இக்கா! எறியணும்!"

அவர் முகம் மாறிவிட்டது. "இருபத்திரெண்டு வர்ஷமாயி. ஒரு சாக்கு இந்தக் கையிலேர்ந்து விழுந்ததில்லே. இனி விழாது."

நான்கு முறை ஏற்றி இறக்கினார். நான்கு முறையும் கீறல் இல்லை. கடைசியில் சைக்கிளில் ஏறிப் போகும்போது நானே என் சட்டைப்பையிலிருந்து தவற விட்டேன். பையிலிருந்து விழுவது இறக்கு இல்லையாம், கேட்டுக்கொண்டேன். ஒரு சின்னப் பள்ளம். விளக்கு எரிகிறது.

9.6.1982

நனைத்துப் பார்த்தேன். ஒரு வாளி வெள்ளம் கோரி வைத்து, எரிய விட்டு, அடியில் போட்டேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு வாட்சைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். இருபது நிமிஷம் குறையில்லாமல் எரிந்தது. இருபத்திரண்டாவது நிமிஷம் மங்கி, நின்றது. திறந்தால் உள்ளே அரை ஸ்பூன் வெள்ளம். வழி, நான் சொன்ன அதே சுவிட்ச். மூன்று டார்ச்சில் பார்த்தேன். மூன்றும் அப்படியே.

10.6.1982

ரிப்போர்ட் முடித்தேன். இரண்டு பக்கம். பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம், தமிழ் வீட்டில் அம்மா கற்றுக்கொடுத்தது. அதனால் அக்கா கமலாக்ஷியைப் படிக்கச் சொன்னேன். ரகரம் றகரம் ஐந்து இடத்தில் மாற்றினாள். மற்றபடி "நன்னா இருக்கு" என்றாள்.

முக்கிய வரி: 'வெள்ளத்தில் இருபது நிமிடம் கிடந்தும் அணையவில்லை. இருபத்திரண்டாவது நிமிடம் சுவிட்ச் வழியாக வெள்ளம் உள்ளே புகுந்தது.' சுருக்கம், துல்லியம். இதற்கு மேல் எவனும் தெளிவாக எழுத முடியாது.

அண்ணாச்சி வாசித்துக் கையெழுத்துப் போட்டார். தபாலில் சேர்த்தாயிற்று.

22.6.1982, செவ்வாய்

மதராஸிலிருந்து பதில். விற்பனை அதிகாரி பிச்சுமணி கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

'வெள்ளம் உள்ளே புகுந்ததை அறிந்து மிகவும் வருந்துகிறோம். தாங்கள் இருவரும் நலமா? குடவுன் சரக்கு எவ்வளவு சேதம்?'

அரை ஸ்பூனுக்கு இவ்வளவு வருத்தமா? 'நாங்கள் நலம். சேதம் ஆறு பேட்டரி கட்டை' என்று பதில் போட்டேன். பெரிய கம்பெனி என்றால் இப்படித்தான் விசாரிப்பார்கள் போல. கொஞ்சம் மரியாதை கூட வந்தது.

6.7.1982

இன்னொரு கடிதம். 'அத்தகைய நிலையிலும் கடிகாரத்தைப் பார்த்து நிமிடக் கணக்கு எடுத்த தங்கள் துணிவை எம்.டி. வெகுவாகப் பாராட்டினார். தங்களுக்கு நீச்சல் தெரியுமா?'

வாளிக்கு எதற்கு நீச்சல்?

7.7.1982

யோசித்துப் பார்த்தேன். மதராஸில் எல்லோருக்கும் பைத்தியம்.

26.7.1982, திங்கள்

போஸ்டர் வந்தது. சுருளைப் பிரித்தேன்.

கழுத்தளவுப் பிரளயத்தில் ஒருவன். பின்னால் ஒரு கூரை மிதக்கிறது, கூரைமேல் ஆடு. அவன் தூக்கிப் பிடித்த கையில் குட்டி முரடன், சூரியன் மாதிரி. கீழே கொட்டை எழுத்தில்: 'வெள்ளத்திலும் அணையாதது! கொச்சி எஞ்சினீயர் நேரில் இறங்கிச் சோதித்தது!'

அவனுக்கு என் மீசை.

நான் எந்த வெள்ளத்தில்— அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. வெள்ளம்! கொச்சியில் நமக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற வெள்ளம், குளிக்கிற வெள்ளம். அவர்களுக்கு அது ஊரை அடித்துக்கொண்டு போகிறது. தண்ணீர். தண்ணீர் என்று எழுதியிருக்க வேண்டும். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். துல்லியமாம்!

அண்ணாச்சியிடம் கத்தினேன். "நீங்க விருதுநகர்க்காரர்தானே! உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"நானும் தண்ணின்னுதாம்ப்பா படிச்சேன்" என்றார் பாவமாக. "பன்னெண்டு வருசமா சாயாக் கடையில 'சேட்டா, கொறச்சு வெள்ளம்'னு கேட்டுக் கேட்டு, எனக்கு வெள்ளம் வந்தாக்கூட இனிமே தாகந்தான் எடுக்கும்."

அக்காவிடம் கேட்டேன். "வெள்ளம்னா வெள்ளந்தானேடா. பின்ன எந்தா?" என்றாள்.

27.7.1982

திருத்தம் எழுதினேன். 'வெள்ளம் என்று வரும் இடமெல்லாம் தண்ணீர் என்று படிக்கவும். அளவு: ஒரு வாளி.'

அண்ணாச்சி கவரைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி, இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. நிரந்தர ஆர்டர் கைக்கு வரட்டும். அப்புறம் வாளின்னு சொல்லு, செம்புன்னு சொல்லு. எம்.டி.யே பாராட்டியிருக்காரு!"

"யாராவது நம்பி இறங்கினா?"

"டார்ச்ச நம்பி எவன்லே வெள்ளத்துல எறங்குவான்?"

எவனோ ஒருவன் இறங்குவான். கரை உடைந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இதை வாயில் கடித்துக்கொண்டு. இருபத்திரண்டாவது நிமிஷம் இருட்டு. போஸ்டரில் என் மீசை. அப்பளம் இடலாம். இதைச் செய்ய முடியாது.

கவரை வாங்கி நானே போய்ப் போட்டேன். போட்ட பிறகு பெட்டி முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் நின்றேன் தெரியவில்லை.

9.8.1982, திங்கள்

பிச்சுமணி நேரில் வந்துவிட்டார். எர்ணாகுளத்தில் இறங்கி, போட் பிடித்து, கடல் காற்றில் தலைமுடி எழும்பி நிற்க, வாசலிலேயே கேட்டார்:

"எங்கே அந்த வாளி?"

காட்டினேன். சிவப்பு பிளாஸ்டிக். ஒரு காது உடைந்தது. அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"இதுலயா எங்க எம்.டி. பிரளயத்தைப் பார்த்தார்?"

"நான் பிரளயம்னு எழுதல சார்."

"மிஸ்டர் வெங்கிடாசலம், இருபதாயிரம் பெட்டி அடிச்சாச்சு. இப்ப வந்து வாளிங்கறீங்க! உங்க திருத்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடறேன். நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்கோ, உங்க ஆர்டர் என் பையிலயே இருக்கு." பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே காகிதம் சரசரத்தது.

அண்ணாச்சி என்னையே பார்த்தார். கண்ணால் கெஞ்சினார்.

எனக்குக் கோபத்தில் குரல் எகிறிவிட்டது. "எனக்கு வேண்டாம் சார்! சுவிட்ச் தொப்பியை ஒழுங்கா ஒட்டத் தெரியாது, ஆடு மிதக்க விடத் தெரியும்! பெட்டியில அடிச்சிருக்கறது இங்க பொய்யில்ல, உங்க ஊருக்குப் போனாத்தான் பொய். எல்லையில வாளையாறு செக்போஸ்ட் வரைக்கும் அது உண்மை. தாண்டினா பொய்!"

கீழேயிருந்து இஞ்சி வாசம் ஏறி வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பிச்சுமணி மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "திருப்பிச் சொல்லுங்கோ."

"எதை?"

"வாளையாறு."

10.8.1982

நம்ப முடியவில்லை. இருபதாயிரத்தையும் கேரளத்துக்கே அனுப்பிவிடப் போகிறார்களாம். இங்கே அந்த வாசகம் பொய்யில்லை! சரக்கை மாற்ற வேண்டாம், சொல்லை மாற்ற வேண்டாம், ஊரை மாற்றினால் போதும் என்று பிச்சுமணி தானே கண்டுபிடித்தது போலச் சொன்னார்.

"இங்க எத்தனை பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்?" என்றேன்.

பிச்சுமணி எழுந்து வாளியை இன்னொரு தடவை சுற்றி வந்தார்.

முடிவு: பெட்டியில் ஆட்டுப் படத்தின் மேல் மலையாளச் சீட்டு ஒட்டுவது. 'வெள்ளத்திலும் அணையாதது' என்று எழுதச் சொன்னார். 'வெள்ளத்தில் இருபது நிமிஷம்' என்றால்தான் ஒட்டுவேன் என்றேன். அரை மணி என்று பேரம் பேசினார். டார்ச்சை வாளியில் போட்டு எதிரில் உட்கார வைத்தேன். இருபத்திரண்டாவது நிமிஷம் அவரே எழுந்துவிட்டார்.

போகும்போது ஆர்டரைத் தரவில்லை. பையோடு போட் ஏறிவிட்டார்.

19.8.1982

லாரி வந்தது. இஸ்மாயில் இக்காவின் ஆட்கள் இறக்கினார்கள். ஒரு பெட்டி கூட விழவில்லை.

24.8.1982

ஐந்து நாளாகச் சீட்டு ஒட்டுகிறேன். விரலெல்லாம் பசை. மதராஸிலிருந்து தகவல் இல்லை. அக்கா கேட்கவில்லை, மாமா மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

31.8.1982, செவ்வாய்

மதியத் தபாலில் வந்தது. நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

'திரு. வெங்கிடாசலம் அவர்களின் பணி இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறது. இவ்வுத்தரவு கேரள எல்லைக்குள் மட்டும் செல்லும்.'

"வாளையாறு தாண்டினா நீ டெம்பரரிதானா?" என்று அண்ணாச்சி சிரித்தார். கண் கலங்கியிருந்தது. நான் சிரிக்கவில்லை. பைத்தியங்கள்தான், ஆனால் தேதியில் தவறவில்லை.

ஏற்பதாகப் பதில் எழுத வேண்டும், தமிழில். 'தங்கள் உத்தரவைச் சந்தோஷத்துடன் ஏற்கிறேன்.' ஒரே வரி. மடிப்பதற்கு முன் அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"இந்தச் 'சந்தோஷம்', ரெண்டு பக்கமும் ஒரே அர்த்தந்தானே?"

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் யோசித்தார்.