காரின் வலப்பக்கம்

அன்பில்லாத அக்காவுக்கு,

நீ அப்பாவோடு சண்டை போட்டு விடுதிக்குப் போனதும், நீங்கள் இருவரும் பிரித்துப்போட்ட பழைய காரை அவர் இனித் தொடமாட்டார் என்று நினைத்தேன். தொட்டார். துருவை வெட்டியெடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, பெயின்ட்டும் அடித்துவிட்டார். இடப்பக்கம் மட்டும்! அங்கே நின்று பார்த்தால் கார் மாப்பிள்ளை. இங்கே வந்தால் எலி கடித்த பிஸ்கட்.

நேற்று வலப்பக்கக் கதவைத் தேய்க்க உப்புத்தாளோடு போனேன்.

"டேய், கையை எடு. அது அவ பக்கம்."

"அவ வராட்டி?"

"துருப்பிடிச்சுக் கொட்டட்டும். உனக்கென்ன?"

சொல்லிவிட்டு, மழை வரும்போல இருக்கவே, அந்தப் பக்கத்தை மட்டும் தார்ப்பாயால் மூடினார்.

அவர் மன்னிப்புக் கேட்கமாட்டார். நீயும் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை பழைய சட்டையோடு வந்து நில், போதும்.

இப்படிக்கு,
உன் தீராத தொல்லை