வேலுவின் போனில் நின்றுபோன பக்கம்

பிப்ரவரி 6, செவ்வாய்

என் பிளாக் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது என்கிறான் கூட்டாளி வேலு. மேலே ரோஜாத் தோட்டம், ஓரத்தில் ஆடுகிற மணி, வளைந்த எழுத்து - எல்லாம் நான் கேட்டுப் போட்ட தீம். மருமகள் ஜெனிஃபர் வெப்சைட் வேலை பார்ப்பவள். "மாமா, ரோஜா ரொம்ப கனம். எடுத்துடலாமா?" என்றாள்.

"ஒன்ன வேணா ஒங்கப்பா வீட்டுக்கு அனுப்புதேன். ரோஜா இங்கதான் இருக்கும்."

பிப்ரவரி 8, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டாள். ஒருமுறை நெட்டில் திறந்தால் படம், எழுத்து வடிவம், நிறம் எல்லாவற்றையும் பிரவுசர் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமாம். அப்புறம் நெட் இல்லாவிட்டாலும் சட்டென்று வரும்.

ஞாயிறு வேலுவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அடுத்த வியாழன் இருதய ஆபரேஷன். வார்டு கீழ்த்தளத்தில், சிக்னல் கிடையாது. நான் எழுதுவதையும் சேர்த்து வை என்றேன்.

"தீம் மட்டும் போதும் மாமா. எழுத்தையும் வச்சா, நீங்க பின்னாடி மாத்தினாலும் நெட் வர்ற வரைக்கும் அங்க பழசுதான் நிக்கும்."

"நான் எதுக்கும்மா மாத்தப் போறேன்?"

இவள் பெரிய மேதாவி. எழுத்தையும் சேர்க்க வைத்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆஸ்பத்திரி வாசலிலேயே வேலுவை பிளாக்கைத் திறக்க வைத்தேன். கண் பார்வை மங்கல், படிக்கவில்லை. "இப்பப் பாரு வே, ஒரு நொடி" என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

காலையில் நான் எழுதியது இதுதான்: 'லடாக் பனியில் மிலிட்டரி லாரி ஓட்டிய வீரர், ஊசி என்றதும் என் கையைப் பிடித்து அழுதார். இப்போது என் கையைத்தான் அட்மிட் பண்ணவேண்டும்.' எங்கள் சபையில் பிளாக் படிக்கிற எட்டுப் பேர் சிரித்து மெசேஜ் போட்டார்கள்.

பிப்ரவரி 12, திங்கள்

வேலு பெண்சாதி கோமளா போன் பண்ணினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஈரோட்டுக்காரர். "நம்ம கூட்டாளி எழுதுறது, நெட் இல்லாமலே வரும்" என்று வேலுதான் பெருமையாகப் போனை நீட்டியிருக்கிறான். அவர் சத்தமாகப் படித்திருக்கிறார். வார்டே சிரித்ததாம்.

"நேத்துலேர்ந்து சாப்பிடல அண்ணாச்சி. ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குப் போவோம்ங்காரு."

போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காய் வாங்கும்போது வேலு என் மணிக்கட்டைப் பிடித்து, "பயமா இருக்கு வே" என்றான். என்கிட்ட மட்டும் சொன்னது. அதுக்குப் போய் சிரிப்பு எழுதினேனே - என்ன மனுசன் நான்?

உடனே எடுத்துவிட்டேன். மன்னிப்பு எழுதிப் போட்டேன். "அவர் போனுக்கு நெட் கிடைச்சாதான் புதுசு போகும்" என்றாள் ஜெனிஃபர். எடுத்தது எல்லோருக்கும் போச்சு, அவன் ஒருத்தனுக்கு மட்டும் போகலை.

பிப்ரவரி 13, செவ்வாய்

பார்வை நேரத்தில் போனேன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"ரெண்டு நிமிசம் கொடு வே. வாசல் வரைக்கும் கொண்டுபோனா மாறிரும்."

"இவங்க காதுல விழுந்தது மாறுமா?"

மாறாது என்றேன். பிறகு நின்ற இடத்திலேயே கட்டில்காரர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இவன் அழல. பயம்னு ஒரு வார்த்த என்னை நம்பிச் சொன்னான். அழுதான்னு எழுதுனது நான் சேத்தது."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஈரோட்டுக்காரர் மட்டும், "எனக்கும் பயம்தானுங்க" என்றார். வேலு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிப்ரவரி 14, புதன்

சம்மதக் கையெழுத்துப் போட்டானாம். என்னைத் தேடவில்லையாம்.

பிப்ரவரி 15, வியாழன்

ஏழு மணி நேரம். கோமளா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயில் ஒரு கேலியும் வரவில்லை.

பிப்ரவரி 24, சனி

"சவரம் பண்ணிவிட ஒங்கள வரச் சொன்னாரு" என்று கோமளா போன் பண்ணினாள். பிளேடு, சோப்போடு போனேன். நெஞ்சு நடுவில் நீளமாகக் கட்டு. தாடையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினான். நுரை தடவி, பிளேடை வைத்தேன்.

ஒரு கன்னம் முடிந்ததும் கேட்டான்: "இதையும் எழுதுவியா?"

"மாட்டேன் வே."

மறு கன்னத்தைத் திருப்பினான்.

பிளாக்கில் போடவில்லை. இந்த டைரியில் மட்டும்.