பிழை காட்டாத கடிகாரம்

அலைகள் அடிதொழும் ஆழிமாநாட்டின் அரியணையில் வீற்றிருந்து, முத்துக்குடை நிழலில் முறை வழுவாது காக்கும் மாமன்னர் அடல்வேல் மாராயர் திருமுன்பு, காலக்கணக்கு அதிகாரி கீரன் வெண்ணாகன் பணிந்து வரையும் ஓலை. தங்கள் கொடி ஓங்குக, மழை பொய்யாதிருக்க.

அரண்மனை முரசு எந்நாட்டுக் கடிகாரத்தின்படி முழங்குவது என ஆய்ந்துரைக்க, மூன்று நாட்டார் அனுப்பிய மூன்றையும் என் இல்லத்தில் வைக்கப் பணித்தீர்கள். முள்ளை எவரும் தொடலாகாது. நீர்க்கடிகையின்படி காலையில் இருமுறை மட்டும் ஒலிக்கும் கோயில் மணியோடு நாள்தோறும் ஒப்பிட்டு ஏட்டில் எழுதுக என்பது கட்டளை.

பனிமலை நாட்டுப் பொறியின் தகடுகள் இலைபோல் மெலிந்தவை. அச்சுகள் மாணிக்கக்கல்லில் சுழல்கின்றன. அழகுதான். ஒரு நாள் முந்தும், மறுநாள் பிந்தும். மேலைநாட்டார் சக்கரங்களைத் தடித்த ஒரே தகட்டால் மூடியிருக்கிறார்கள்; உறுதியானது, ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் நின்றுவிடும். கீழைத்தீவுப் பொறியில் அலங்காரமில்லை; அசைத்தால் உள்ளிருக்கும் எடை சுழன்று வில்லைத் தானே முறுக்கும். அதற்கு நேரே நாற்பது நாளும் ‘பிழையில்லை’ என்றே எழுதினேன்.

நாற்பதாம் நாள் நண்பகலில் என் மனைவி நன்முல்லை இறந்தாள். காலையில் நலமாக இருந்தாள்.

அன்று பதினைந்தாம் நாழிகையில் ஏழாம் திதி முடிந்து எட்டாம் திதி பிறந்தது. அவள் உயிர் பிரிந்தபோது பனிமலைக் கடிகாரம் பதினைந்தைக் கடந்திருந்தது. தீவுக் கடிகாரத்தில் அதற்கு இன்னும் அரை நாழிகை இருந்தது. மேலைநாட்டது நின்றிருந்தது. ஆண்டுதோறும் அவளுக்கு எத்திதியில் எள்ளும் நீரும் இறைப்பது என்று புரோகிதர் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

“மூணு கடிகாரத்துக்குக் காவல் இருந்த மச்சானுக்கு எங்க அக்கா போன நேரம் தெரியலையாம்” என்று அவள் தம்பி எல்லோர் முன்னும் சொன்னான்.

மறுநாள் முதல் தீவுக் கடிகாரம் நாள்தோறும் கால் நாழிகை பிந்தலாயிற்று. பிரித்துப் பார்த்தேன். பழுதில்லை. ஒன்றும் விளங்கவில்லை. ஐம்பதாம் நாள் பணிப்பெண் வேம்பி சொன்னாள்: “முதல் மணி அடிக்கையில நீங்க குளத்துல இருப்பீங்க ஐயா. அம்மா அப்போ முள்ளை நகர்த்தி வெச்சிடுவாங்க. பிசகிப்போனா நீங்க சாப்பிடாம பிரிச்சுக்கிட்டு உக்காந்திடுவீங்கன்னு. மத்த ரெண்டுலயும் முள்ளை நகர்த்தச் சாவி வேணும், அது உங்க இடுப்புல இருந்துச்சே!”

நான் ஒப்பிட்டது இரண்டாம் மணியோடு. ஆகவே ஏட்டில் இருப்பது அவள் திருத்திய நேரம். கட்டளை மீறியது என் இல்லம், தண்டனை எனக்கு. மூன்றில் எதையும் சிறந்ததென்று கூற எனக்குத் தெளிவில்லை. மறு ஆணை வரும்வரை முரசு நீர்க்கடிகையின்படியே முழங்கட்டும்.

நேற்று நாற்பதாம் நாள் ஏட்டை மீண்டும் எடுத்தேன். அன்று காலையும் ‘பிழையில்லை’ என்றே எழுதியிருக்கிறேன். அன்றும் முள்ளை நகர்த்தியிருக்கிறாள்; நாளுக்குக் கால் நாழிகையே பிந்துவது நண்பகலுக்குள் அரை நாழிகை பிந்தியிராது. அந்த ஒரு நண்பகலில் தீவுக் கடிகாரத்தை நம்பலாம் என்று நினைக்கிறேன்.

ஏழாம் திதி என்று புரோகிதருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடிகாரங்கள் மூன்றும், சாவிகள் இரண்டும் இவ்வோலையுடன் வருகின்றன. நீர்க்கடிகையில் பத்தாம் நாழிகை நிறைந்தபோது என் இலச்சினை பொறித்தேன். ஆணை எதுவாயினும் தலைமேற் கொள்வேன்.