வலைநூல் முடிச்சு

முருங்கன்,
12.03.2011

அன்புள்ள மதலேனாவுக்கு,

நான் நல்ல சுகம். மண்டபம் அகதி முகாமில் நீயும் என் அம்மாவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நேற்று கராஜுக்கு ஒரு பழைய ஓட்டோமட்டிக் வான் வந்தது. அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் கியர் இறங்கவில்லை. மிதிக்கும்போது கியரை இறக்கிவிடும் கிக்டவுன் கேபிள் தளர்ந்திருந்தது. அதை யாரோ வலைநூலால் கட்டியிருந்தார்கள். சண்டைக்காலத்தில் வானோடு காணாமல் போன என் அண்ணா போடும் அதே முடிச்சு.

"ஆரிட்ட வாங்கினனீங்கள்?" என்று வான்காரரிடம் கேட்டேன்.

"ஏலத்தில எடுத்தனான், தம்பி. முந்தி ஆரிட்ட இருந்ததோ தெரியாது."

நூலை வெட்டாமல் கேபிளை இறுக்க முடியாது. வெட்டினேன். வான் நன்றாக ஓடிப் போய்விட்டது.

இதை அம்மாவிடம் சொல்லாதே. கராஜ் தரையில் விரித்துப் படுக்கத் தடித்த போர்வை ஒன்றும் அண்ணாவின் படமும் அனுப்பு. அவருடைய கைகள்தான் ஞாபகம் வருகின்றன, முகம் வரவில்லை. முதலாளி கூப்பிடுகிறார்.

உன்,
சிங்கராசா